மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்: பில் போடும் இடத்திலிருந்து ஒரு விமர்சனம்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு மொத்தக் கடையில் பில்லிங்கும் ஸ்டாக்கும் என் பொறுப்பு. 2013இல் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் நானே ஒரு ஆர்டர் ஃபார்ம் செய்தேன். இன்றைக்கும் 6 கணினிகளில் அதைத்தான் ஓட்டுகிறோம். எனக்குப் பிடித்த மென்பொருள் இது. ஆனால் போன வருடம் அந்த ஃபார்ம் திறக்க 24 விநாடி ஆனது.

24 விநாடி என்றால் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். மெக்கானிக்கல் சீல் போய்விட்ட பம்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு விவசாயி கவுண்டரில் நிற்கிறார். கரண்ட் இருக்கும்போதே பம்பை மாட்டித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கவுண்டர் தம்பி, “அக்கா, ஃபார்ம் வந்துருச்சுங்களா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். திரையில் மணல் கடிகாரம் போல ஒரு வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

கணினி பழசு என்று நினைத்து எஸ்எஸ்டியும் ராமும் வாங்கிப் போட்டேன். 24 விநாடி 22 ஆனது, அவ்வளவுதான். அப்புறம்தான் ஃபார்மை டிசைன் வியூவில் திறந்து, நான் செய்து வைத்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

எங்கள் டேட்டா இருப்பது ஷேர் செய்த ஃபோல்டரில் உள்ள ஒரு ஃபைலில். அந்த ஃபோல்டர் இருக்கும் கணினி எதையும் தேடிக் கொடுப்பதில்லை. தேடும் வேலை முழுக்க நம் கணினியில்தான் நடக்கிறது. இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றது) இருந்தால் வேண்டிய பக்கங்கள் மட்டும் கேபிளில் வரும். இல்லாவிட்டால் டேபிள் மொத்தமும் வந்து இறங்கும். நானோ ஃபார்மின் ரெக்கார்டு சோர்ஸாக, அதாவது அது டேட்டா எடுக்கும் இடமாக, 1,90,000 ஆர்டர்கள் உள்ள டேபிளையே கொடுத்திருந்தேன். வாடிக்கையாளரைத் தேடுவது போன் நம்பரை வைத்து. அந்த ஃபீல்டுக்கு ‘கைபேசி’ என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். ஃபீல்டின் பெயர் ‘ஐடி’, ‘கோடு’ போன்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கினாலோ முடிந்தாலோ ஆக்சஸ் தானாகவே இண்டெக்ஸ் போட்டுவிடும். என் கைபேசிக்குப் போடவில்லை, நானும் கவனிக்கவில்லை. டேபிள் டிசைனில் ஒரு வரியை மாற்றி அதற்கும் இண்டெக்ஸ் போட்டேன். ஃபார்மும் இப்போது காலியாகத் திறக்கிறது. நம்பரைக் கொடுத்த பிறகு அந்த ஒருவருடைய ஆர்டர்களை மட்டும் எடுத்து வருகிறது. 22 விநாடி 11 ஆனது.

அடுத்தது பொருள் பெயர் காம்போ பாக்ஸ், அதாவது தட்டினால் விரியும் பட்டியல். இம்பெல்லர், புஷ், வைண்டிங் ஒயர் என்று 16,000 பொருள்கள். இப்போது அதன் பட்டியலைக் காலியாக விட்டிருக்கிறேன். மூன்று எழுத்து தட்டிய பிறகுதான் நிரம்பும். டேப்களுக்குள் நான்கு சப்ஃபார்ம்கள் (ஃபார்முக்குள் இருக்கும் குட்டி ஃபார்ம்கள்) இருந்தன. யாரும் தொடாவிட்டாலும் மெயின் ஃபார்முக்கு முன்னால் அவை நான்கும் ஏறிவிடும். டேபைத் தொட்டால் மட்டும் ஏறும்படி மாற்றினேன். வரிக்கு வரி ஸ்டாக்கைத் தேடிக்கொண்டிருந்த டிலுக்கப் என்ற ஃபங்ஷனை எடுத்துவிட்டு, டேட்டாவை எடுத்துத் தரும் குவெரியிலேயே ஸ்டாக் டேபிளைச் சேர்த்தேன். நேரம் 6 விநாடிக்கு வந்தது.

மிச்சம் இருந்த ஒன்றுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் நான் மட்டும் இருக்கும்போது ஃபார்ம் வேகமாகத் திறக்கும். 10 மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தால் திணறும். ஆக்சஸ் ஒவ்வொரு முறை பேக் எண்டை, அதாவது ஷேர் ஃபோல்டரில் உள்ள டேட்டா ஃபைலை, தொடும்போதும் கூடவே இருக்கும் லாக் ஃபைலையும் (யார் உள்ளே இருக்கிறார்கள் என்று குறித்து வைப்பது) பார்த்தாக வேண்டும். ஃபார்மை மூடினால் அந்த இணைப்பு அறுந்துவிடும். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. இதற்கு மருந்து ரொம்பச் சின்னது: காலையில் திறக்கும்போதே ஒரு குட்டி டேபிளோடு ஒரு ஃபார்மை மறைவாகத் திறந்து, நாள் முழுக்க மூடாமல் வைப்பது. செய்து பார்த்தேன். 6 பேர் உள்ளே இருக்கும்போதும் 2 விநாடியில் திறந்தது. அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, இதை யார் வாங்கலாம்? விண்டோஸ் கணினிகள் வைத்திருக்கிற, ஒரே கட்டடத்தில் கேபிளில் இணைந்திருக்கிற சின்னக் கடைகளுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஃப்ரண்ட் எண்டை (ஃபார்ம்கள் இருக்கும் ஃபைலை) ஒவ்வொரு கணினியிலும் தனிக் காப்பியாக வைக்க வேண்டும். வைஃபையில் ஓட்ட வேண்டாம். எழுதும்போது இணைப்பு விட்டுப்போனால் ஃபைலே கெட்டுவிடலாம். ஒரு ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. அதைத் தொடும் நிலை வந்தால் டேட்டாவை மட்டும் மைக்ரோசாஃப்டின் பெரிய டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம், ஃபார்ம்களை வைத்துக்கொள்ளலாம்.

ஃபார்மிலும் டேபிளிலும் தமிழ் அழகாக வருகிறது. ஆக்சஸுக்குள் எழுதும் விபிஏ புரோகிராம் கோடில் தமிழை நேரடியாக எழுதினால் மட்டும் கேள்விக்குறிகளாகிவிடும். அதனால் எங்கள் தமிழ்ச் செய்திகளை ஒரு டேபிளில் வைத்து அங்கிருந்து எடுக்கிறேன். ‘ஸ்டாக் இல்லை, நாளைக்கு வரும்’ என்பதும் அதில் ஒன்று.