ஓடையை மறித்த கரையா, தோண்டிய குட்டையா?

களக்காடு பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் தாத்தா காலத்துச் சிறு குளம் ஒன்று இருந்தது. ஓடையை மறித்து 10 அடி உயரத்துக்கு மண்கரை, வடகோடியில் நிறைந்த நீர் வழிந்தோட 10 அடி அகலத்தில் மறுகால். 2023 டிசம்பர் 17 இரவு கரை உடைந்தது. மறுபடி கரை கட்டுவதா, அதை விட்டுவிட்டுப் பண்ணைக்குட்டை தோண்டுவதா என்று கோடை முழுவதும் வீட்டில் பேச்சு. கடைசியில் குட்டைதான் தோண்டினோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

தண்ணீர் அளவில் குளத்துக்குக் குட்டை ஈடாகாது. மேலே 30 மீட்டர் சதுரம், அடியில் 21 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்று சரிவாகத் தோண்டிய எங்கள் குட்டை விளிம்பு வரை நிறைந்தால் 20 லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குளம் அதைப்போல் பல மடங்கு பிடித்தது. கிணறு ஊறும், ஆடுமாடு இறங்கிக் குடிக்கும். இதிலெல்லாம் குளத்துக்கே வெற்றி.

ஆனால் கரைக்கு ஆள் வேண்டும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

மண்கரை ஒரே நாளில் உடைவதில்லை. முந்தைய ஐப்பசியிலேயே வெளிச்சரிவின் அடியில் ஓர் இடம் மட்டும் ஈரமாக, கோரை முளைத்துப் பச்சையாக இருந்தது. நண்டு வளையோ, பட்டுப்போன பனையின் வேர் மக்கிய துளையோ, உள்ளே வழி ஏதோ இருந்திருக்கிறது. கசிவு தெளிந்த நீராக இருந்ததால் பொறுத்துக்கொண்டோம். தெளிந்து கசிந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் கரையின் மண்ணையே நீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். டிசம்பர் 17 மாலை கீழ்வயல் அண்ணாச்சி போன் செய்து, "தம்பி, கசிவுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது" என்றார். நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். சாலையெங்கும் வெள்ளம். இருட்டிய பிறகு கரை போனது, அவருடைய குலை தள்ளிய வாழைகள் அத்தனையும் சாய்ந்தன. மறுவாரம் போய் நின்றபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "மழையை நான் குறை சொல்லவில்லை தம்பி. கரையில் ஆள் இல்லையே."

மறுகாலும் போதாது என்பது பிறகு கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. எங்கள் ஓடைக்கு நீர் தரும் பரப்பு சுமார் 50 ஏக்கர். நிலம் ஊறிய பின் மணிக்கு 5 சென்டிமீட்டர் மழை பெய்து அத்தனையும் ஓடிவந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 100 கனஅடி. ஓர் அடி உயரத்துக்கு வழிந்தால் மறுகாலின் ஒவ்வோர் அடி அகலமும் தோராயமாக 3 கனஅடிதான் வெளியேற்றும். அப்படியானால் 33 அடி அகலம் வேண்டும். எங்களிடம் இருந்தது 10. அதையும் வளர்ந்து நின்ற உடை முள்மரம் பாதி அடைத்திருந்தது. அந்த நாளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது போன்ற மழையில் நீர் கரையைத் தாண்டி வழிந்தால் எந்த மண்கரையும் நிற்காது.

அரசு வந்து பார்க்கும் என்றும் இருக்க முடியாது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்து நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்கு உட்படுபவற்றுக்கும்தான். மூன்று மீட்டர் கரையைத் தேடி எந்தப் பொறியாளரும் வரமாட்டார். ஆனால் உடைந்தால் பொறுப்பு உண்டு. 1868-இல் அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, தன் நிலத்தில் தேக்கிய நீர் அடுத்தவர் சுரங்கத்துக்குள் புகுந்ததற்கு, தேக்கியவரே பொறுப்பு என்றது. 1874-இல் கார்வேட்டிநகர ஜமீன்தாரின் குளங்கள் உடைந்து ரயில் பாதை சேதமான வழக்கில், அன்றைய இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அவரை விடுவித்தது. அந்தக் குளங்களைப் பேணுவது அவருக்கு வழிவழி வந்த கடமை, அவரிடம் கவனக்குறைவும் இல்லை என்பதே காரணம். என் குளம் என் வசதிக்கானது. கோரை முளைத்த இடத்தைப் பார்த்தும் விட்டவன் நான். அந்தத் தீர்ப்பின் நிழலில் நான் ஒதுங்க முடியாது.

குட்டையில் நீர் தரைமட்டத்துக்குக் கீழே நிற்பதால் உடைந்து ஓட வழியில்லை. ஆனால் பலர் தோண்டிய மண்ணை விளிம்பில் குவித்து, மோட்டார் வைத்துத் தரைக்கு மேலும் நிரப்புகிறார்கள். அந்த நொடியிலிருந்து அது மறுபடி மண் அணைதான். நாங்கள் மண்ணை வயலில் பரப்பினோம். ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால், நடுவே வண்டல் படிய ஒரு குழி. நிறைந்ததும் நீர் ஓடைக்கே திரும்பிவிடும். பழைய கரையை ஓடையின் முழு அகலத்துக்கும் அடிமட்டம் வரை வெட்டி, இருபுறமும் சரித்துக் கல் பதித்தோம். மண்வெட்டியை எடுக்கும் முன் நிலத்தின் அளவைக் காட்டும் அரசுப் புலப்படத்தைப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது.

குட்டைக்கும் ஓர் ஆபத்து உண்டு. எங்கள் மண் நீரை நிறுத்தாததால் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டோம். நனைந்த விரிப்பில் கால் நிற்காது. விழுந்த குழந்தையோ ஆடோ ஏறி வர முடியாது. சுற்றிலும் வேலி, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறு, மிதக்க லாரி டியூப். இவற்றை வைத்த பிறகுதான் நீர் விட்டோம். விரிப்பு எத்தனை ஆண்டு வெயில் தாங்கும் என்பதை நான் இன்னும் அனுபவித்துப் பார்க்கவில்லை. கிணற்றில் கோடை ஊற்றுக் குறைந்தது போலத் தெரிகிறது. இரண்டு கோடையை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கரையடியிலேயே குடியிருந்து, மார்கழி இரவிலும் டார்ச்சோடு நடக்க ஆள் உள்ள வீட்டுக்கு என் பதில் வேறு. கரையை வைத்துக்கொள்ளுங்கள், மறுகாலை மட்டும் முதலில் அகலப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் வெளியூர். அண்ணாச்சி இந்த ஆண்டும் அதே வயலில் வாழைதான் வைத்திருக்கிறார்.