தண்டர்பேர்ட்: பழைய அஞ்சல்களை நம்பி ஒப்படைக்கலாமா?

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரே இரவில் இன்பாக்ஸை முழுதாகத் தூக்கிவிட்டதாகப் புலம்பிய நண்பர் ஒருவர், கணினியில் அஞ்சல் படிக்க உதவும் தண்டர்பேர்ட் மென்பொருளில் தொடரலாமா என்று கேட்டார். அதே அடி எனக்கும் விழுந்திருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தண்டர்பேர்ட் ஒவ்வொரு கோப்புறையின் அஞ்சல்களையும் எம்பாக்ஸ் என்னும் வடிவில், ஒரே உரைக் கோப்பாகச் சேர்த்து வைக்கிறது. அதன் பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். அது வெறும் அட்டவணைதான். பட்டியல் திடீரென வெறுமையாகத் தெரிந்தால், முதலில் பெரிய கோப்பின் அளவைப் பாருங்கள். அது குறையாதிருந்தால் அஞ்சல்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன. மென்பொருளை மூடி, எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் நீக்கிவிட்டுத் திறந்தால், அட்டவணை புதிதாக எழுதப்பட்டு எல்லாம் திரும்பிவிடும்.

நீக்கிய அஞ்சலைக்கூட இப்படி மீட்கலாம் என்பதுதான் நான் எதிர்பாராத மகிழ்ச்சி. நாம் நீக்கும்போது அஞ்சல் அழிவதில்லை. அதன் தலைப்பகுதியில் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்னும் வரியில், படித்த அஞ்சலானால் இருக்கும் 0001 என்ற எண் 0009 ஆக மாறுகிறது, அவ்வளவுதான். நீக்கியவற்றை உண்மையிலேயே அகற்றிக் கோப்பைச் சுருக்கும் பணி நடக்கும் வரை அது அங்கேயே கிடக்கும். நகல் எடுத்துக்கொண்டு, பெரிய கோப்புகளைத் தாங்கும் உரைத் திருத்தியில் அந்த 9ஐ 1 ஆக்கி, எம்எஸ்எஃப்பை நீக்கினால் அஞ்சல் மறுபடி பட்டியலில் வந்து நிற்கிறது. வேறு கோப்புறைக்கு நகர்த்தியவற்றுக்கும் பழைய இடத்தில் இதே குறிதான் என்பதால், எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் இரட்டை அஞ்சல்களோடு மல்லுக்கட்ட நேரும்.

இனி எரிச்சல். எப்போதோ வந்த அஞ்சல் ஒன்றின் இணைப்பில் இருந்த வைரஸை, புதுப்பிப்புக்குப் பின் தடுப்பு மென்பொருள் திடீரென்று அடையாளம் கண்டுகொள்கிறது. அஞ்சல்கள் ஒரே கோப்பில் இருப்பதால், குற்றவாளி ஒருவனுக்காக ஊரையே சிறையில் அடைப்பதுபோல இன்பாக்ஸ் முழுவதையும் தனிமைப்படுத்திவிடுகிறது. தண்டர்பேர்டோ ஒன்றும் நடக்காததுபோல வெற்று இன்பாக்ஸ் ஒன்றைப் புதிதாகத் தொடங்கிவிடும். தனிமைப்படுத்திய பழைய இன்பாக்ஸை மீட்பதற்கு முன் அந்தப் புதிய கோப்பின் பெயரை மாற்றிவைக்காவிட்டால், இடையில் வந்த அஞ்சல்கள் போய்விடக்கூடும். உள்வரும் அஞ்சல்களைத் தனித்தனியே தடுத்து நிறுத்த அமைப்புகளில் வசதி உண்டு. ஆனால் ஏற்கெனவே கோப்புக்குள் போய்விட்ட அஞ்சலுக்கு அதனால் பயனில்லை. தண்டர்பேர்ட் அஞ்சல்களை வைத்திருக்கும் சுயவிவரக் கோப்புறையைத் தடுப்பு மென்பொருளின் சோதனையிலிருந்து விலக்கிவைப்பதே வழி.

நகல் எடுப்பதிலும் இதே ஒற்றைக் கோப்புதான் தொல்லை. ஃபேட்32 வடிவில் உள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஐமேப் கணக்கு, அதாவது அஞ்சல்கள் சேவையகத்திலேயே இருந்து கணினியோடு ஒத்திசையும் கணக்கு, வைத்திருப்போர் கணினியில் இருப்பதைக் காப்பு நகல் என்று எண்ண வேண்டாம். சேவையகத்தில் அழிந்தது இங்கும் அழியும்.

நியாயமாகப் பார்த்தால், தவறு தடுப்பு மென்பொருளுடையது. இவ்வளவு எளிதாக மீட்க முடிந்ததற்குக் காரணமும் அதே எம்பாக்ஸ்தான். ஆனாலும் என் பழைய அஞ்சல்கள் அனைத்தையும் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்னும் நீட்சியின் உதவியால் தனித்தனி இஎம்எல் கோப்புகளாக வெளியே எடுத்துவிட்டேன். தினசரி அஞ்சலுக்குத் தண்டர்பேர்டே போதும் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். பழையவற்றையும் அதிலேயே விட்டுவையுங்கள் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.