டைப்-ஏயா, டைப்-சியா? உப்புக்காற்று ஊரிலிருந்து ஒரு கணிப்பு

நாளைய டெஸ்க்டாப்பில் என்னென்ன போர்ட் (கேபிள் செருகும் ஓட்டை) இருக்கும் என்று பேச்சு எடுத்தாலே எல்லாரும் வேகக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். 2022-ல் வந்த யூஎஸ்பி4 இரண்டாம் பதிப்பு நொடிக்கு 80 கிகாபிட், மறு வருடம் அறிவித்த தண்டர்போல்ட் 5 என்ற இன்னொரு அதிவேக இணைப்பும் அப்படியே. சரி, இருக்கட்டும். எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில் தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ ஒரு இ-சேவை மையத்தின் மேசையைப் பாருங்கள். கைரேகை ரீடர், வெப்கேம், பிரிண்டர், கீபோர்டு, மவுஸ், அப்புறம் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர் நீட்டும் பென்டிரைவ். பெரும்பாலும் எல்லாமே பழைய டைப்-ஏ, அதாவது தட்டையான செவ்வக யூஎஸ்பி. கைரேகை ரீடருக்கும் மவுசுக்கும் 2000-ல் வந்த யூஎஸ்பி 2.0-வின் 480 மெகாபிட்டே அதிகம். ஒரு போர்ட் நிலைப்பதும் போவதும் மேசையில் கிடக்கும் இந்தச் சாமான்களைப் பொறுத்தது என்பேன்.

உழைப்பில் எது கெட்டி? காகிதத்தில் டைப்-சிதான், புதிய போன்களில் இருக்கும் சின்ன நீள்வட்ட ஓட்டை. 10,000 தடவை செருகி எடுக்கலாம் என்பது அதன் கணக்கு, சாதாரண டைப்-ஏவுக்கு 1,500. எங்கள் கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டைப்-ஏவில் ஒன்றும் செருகாவிட்டாலும் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். வாடைக்காற்றில் ஈரமும் உப்பும் ஏறிய பின்களில் மின்சாரமும் இருந்தால் அரிப்பு வேகமாகும். முன்பக்க போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு தெரியும். டைப்-சி அப்படியில்லை. எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மின்சாரத்தைத் திறந்துவிடும். கடலோரத்துக்கு இது பெரிய அனுகூலம்.

ஆனால் கெட்டுப்போனால்? டைப்-ஏவின் யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு நாலே பின், சாதாரண சால்டரிங் அயர்னில் மாற்றிவிடலாம். டைப்-சியில் நடுவே நிற்கும் மெல்லிய நாக்கின் இரு பக்கமும் 12, 12 என்று 24 பின்கள், இடைவெளி அரை மில்லிமீட்டர். உப்புத்தூளும் பஞ்சும் அடியில் இறுகினால் கேபிள் முழுசாக உட்காராது. மாற்ற ஹாட் ஏர் (சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் கருவி) வேண்டும், பழகிய கை வேண்டும். அந்த வேலைக்குப் பலரும் ராமநாதபுரம் டவுனுக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருக்கிறது.

ஆப்பிள் 2024 மேக் மினியில் டைப்-ஏவை அடியோடு எடுத்துவிட்டது. 1998 ஐமேக்கிலும் பழைய போர்ட்களை ஒதுக்கிவிட்டு யூஎஸ்பியைப் பிடித்தது, உலகமே பின்னால் போனது. இப்போதும் அப்படித்தான் நடக்கும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு யூஎஸ்பி பலவகைச் செருகிகளின் தொல்லையை ஒழித்தது. இன்றைக்கு ஒரு கீபோர்டு டைப்-சிக்கு மாறி என்ன லாபம் காணப்போகிறது? முன்பக்கம் டைப்-சிக்குப் போகும், பின்பக்கம் இரண்டு நாலு டைப்-ஏ இன்னும் பத்து வருடமாவது இருக்கும்.

திரைக்கு வந்தால், மானிட்டரை இணைக்க 1987-ல் பிறந்த விஜிஏ போர்ட்டை 2015-க்குள் கைவிடுவோம் என்று சிப் கம்பெனிகளான இன்டெலும் ஏஎம்டியும் 2010-லேயே சொல்லிவிட்டன. பழைய புரொஜெக்டர்களுக்காக விலை குறைந்த மதர்போர்டுகளில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, இனி இருக்காது. எச்டிஎம்ஐ நிற்கும், டிவி எல்லாவற்றிலும் அதுதானே. மானிட்டருக்கான இன்னொரு போர்ட்டான டிஸ்ப்ளேபோர்ட்டின் சிக்னல் டைப்-சி வழியாகவே போவதால் அதன் தனி ஓட்டை மெல்லக் குறையும். நெட்வொர்க் கேபிளுக்கான ஆர்ஜே45 எங்கேயும் போகாது.

ஒன்பது பின் சீரியல் போர்ட்டை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். 1960-ல் வந்த ஆர்எஸ்-232 முறையில் பேசும் எலக்ட்ரானிக் தராசுகள் இன்னும் வேலை செய்கின்றன. மீன் கம்பெனியில் எடை நேராக பில்லில் ஏற வேண்டுமானால் இனி யூஎஸ்பி அடாப்டர்தான். நல்ல சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், மட்டமானது இறால் எடை போடும் நேரத்தில் கழுத்தறுக்கும்.

இப்போதே அசெம்பிள் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கேபினெட்டின் முன்பக்கத்தில் டைப்-சி இருந்தால் மட்டும் போதாது, அந்த வயரைச் செருகத் தனி இடம் மதர்போர்டிலும் இருக்க வேண்டும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அது இல்லை. கடைக்காரரிடம் அதைக் கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.