நுரையீரலில் பிரஷர் ஏறிய மைட்ரல் சுருக்கம்: பலூனா, ஆபரேஷனா, மாத்திரையே போதுமா?

எக்கோ ரிப்போர்ட்டில் ‘சிவியர் எம்எஸ்’ (மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது), அதற்குக் கீழே ‘சிவியர் பிஏஎச்’ (நுரையீரல் தமனியில் பிரஷர் ரொம்ப அதிகம்) என்று பார்த்ததுமே பாதிப் பேருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடுகிறது. இருதயத்தில் ஒரு வியாதி, நுரையீரலில் இன்னொன்று, ஆக இரண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இருதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களையும் ஓரங்களில் ஒட்டவைத்துவிடுகிறது. 4 முதல் 6 சதுர செ.மீ. வரை திறக்க வேண்டிய வாசல் 1 சதுர செ.மீ.க்கும் கீழே போகும்போது, ரத்தம் இடது மேலறையில் தேங்கி, நுரையீரல் வரைக்கும் எதிர்த்து நிற்கிறது. மதகு அடைத்துக்கொண்டால் வாய்க்கால் கரை ததும்புமே, அது மாதிரி.

ரத்தக்குழாய் வழியாக இருதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கேத் லேபில் நான் டெக்னீஷியன். முடிவெடுப்பது டாக்டர்கள், மானிட்டர் முன்னால் உட்கார்ந்து அலைகளைப் பார்ப்பது என் வேலை. வெளியே காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நுரையீரல் பிரஷர் இவ்வளவு இருக்கிறதே, இந்த நிலைமையில் பலூனோ ஆபரேஷனோ செய்யலாமா, மாத்திரையில் குறைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாமா? வால்வு சுருக்கத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி தலைகீழாக இருக்கிறது. பிரஷர் ஏறியிருப்பது தள்ளிப்போடுவதற்கான காரணம் இல்லை, சீக்கிரம் செய்வதற்கான காரணம். மூச்சு வாங்காதவர்களுக்கும்கூட, வால்வு பலூனுக்கு (ஒட்டிய வால்வை உள்ளே பலூன் விட்டு விரித்துப் பிரிக்கும் முறை) ஏற்றதாக இருந்து, ஓய்வில் இருக்கும்போதே நுரையீரல் தமனியின் மேல் பிரஷர் 50 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் பலூனைப் பற்றி யோசிக்கலாம் என்கின்றன 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள்.

மாத்திரையை முதலில் பார்த்துவிடலாம். லேசிக்ஸ் தேங்கிய நீரை இறக்கும், மெட்டோப்ரோலால் இருதயத் துடிப்பின் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ரத்தம் இறங்க நேரம் கொடுக்கும். இரண்டும் நிஜமாகவே மூச்சைச் சுலபமாக்கும், ஆனால் ஒட்டிய வால்வைப் பிரிக்காது. சரி, நுரையீரல் பிரஷருக்கென்றே இருக்கிற சில்டெனாஃபில்? அடைப்பைத் திறக்காமல் அதைக் கொடுத்தால் நுரையீரலுக்குள் இன்னும் அதிக ரத்தம் வரும், வெளியேறும் வழி மட்டும் அதே சந்தாகவே இருக்கும், நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் கூடும். வால்வைச் சரிசெய்த பிறகும் பிரஷர் மிச்சமிருந்தவர்களுக்கு ஸ்பெயினில் இதையே கொடுத்துப் பார்த்தார்கள். சியோவாக் என்ற அந்த ஆய்வில் 200 பேர், 6 மாதம். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட சில்டெனாஃபில் எடுத்தவர்களில்தான் அதிகம் பேர் மோசமானார்கள். யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது பலூன். 1984-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே வெளியிட்ட முறை, இன்றும் அவர் பெயரிலேயே ‘இனோவே பலூன்’. தொடையில் சிரை வழியாக ஏறி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஊசியால் துளையிட்டு இடது பக்கம் போகிறார்கள். பலூன் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: உயரத்தை செ.மீ.யில் எடுத்துப் பத்தால் வகுத்து, பத்தைக் கூட்ட வேண்டும். 150 செ.மீ. உயரம் என்றால் 25 மி.மீ. முதலில் முன்பாதி உப்பும், அதை இழுத்து வால்வில் மாட்டுவார்கள், பிறகு பின்பாதி, கடைசியில் உடுக்கை மாதிரி ஒடுங்கி நிற்கும் நடு இடுப்பு பட்டென்று விரியும். சில விநாடிகள்தான், உடனே சுருக்கிவிடுவார்கள். ஒரு முப்பது வயதுப் பெண்ணுக்குச் செய்தபோது இடது மேலறையின் சராசரி பிரஷர் 28-இலிருந்து 12-க்கு இறங்கியதை என் கண் முன்னால் பார்த்தேன். நுரையீரல் தமனியில் 80 இருந்தது, மேஜையிலேயே 55 ஆனது. வெளியே வந்ததும் அவருடைய அம்மா, “தம்பி, பலூன உள்ளயே விட்டுட்டாங்களா?” என்று கேட்டார். இல்லம்மா, எடுத்தாச்சு என்றதும்தான் உட்கார்ந்தார்.

அந்த மிச்சம் 55 எதற்கு? ஏறிய பிரஷரில் இரண்டு பங்கு இருக்கிறது. தேங்கியதால் வந்தது உடனே இறங்கிவிடும். வருஷக்கணக்கில் தாங்கித் தாங்கி நுரையீரலின் சின்னத் தமனிகள் இறுகித் தடித்ததால் வந்தது மெதுவாக, மாதக்கணக்கில் இறங்கும். ரொம்பக் காலம் விட்டிருந்தால் அதில் கொஞ்சம் இறங்காமலே நின்றுவிடும். சீக்கிரம் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஆனால் எல்லா வால்வும் பலூனுக்கு ஒத்துவராது. இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு படிந்திருப்பது, இதழ்களைக் கீழிருந்து பிடித்திருக்கும் நாண்களின் நிலை என்று நான்கைப் பார்த்து எக்கோவில் 16-க்கு மார்க் போடுவார்கள், 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. மேலறையில் ரத்தக்கட்டி இருந்தாலோ, ஏற்கெனவே கசிவு கணிசமாக இருந்தாலோ பலூன் கூடாது. பலூனில் எனக்குப் பயமான விஷயமும் அந்தக் கசிவுதான்: ஒட்டிய ஓரம் பிரிவதற்குப் பதிலாக இதழே கிழிந்துவிட்டால் அவசர ஆபரேஷன்தான்.

ஆபரேஷனின் பலம் என்னவென்றால், நெஞ்சைத் திறந்த கையோடு எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கலாம். கட்டியை எடுக்கலாம், நுரையீரல் பிரஷரால் வீங்கிக் கசிகிற வலது பக்க வால்வையும் இறுக்கலாம், மைட்ரல் பாழாகியிருந்தால் மாற்றலாம். ஆனால் பிரஷர் அதிகமிருப்பவர்களுக்கு ஆபரேஷன் நேரத்தில் இருதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இயந்திரத்திலிருந்து இறக்கும் நேரம்தான் கண்டம், வலது இருதயம் துவண்டுபோகலாம். உலோக வால்வு என்றால், அது திருவனந்தபுரத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வானாலும் சரி, ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் வைக்கும் அசிட்ரோம் மாதிரி ஒரு மாத்திரை, அதன் அளவு சரியா என்று பார்க்க மறக்காமல் ஐஎன்ஆர் என்ற ரத்த டெஸ்ட். விலங்குத் திசுவில் செய்த வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் சின்ன வயதுக்காரர்களுக்கு அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இரண்டுக்கும் ஏற்ற வால்வாக இருந்தால்? ஹைதராபாத் நிஜாம்ஸ் நிறுவனத்தில் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு பலூன், மறு பாதிக்கு நெஞ்சைத் திறந்து வால்வைப் பிரிக்கும் ஆபரேஷன் செய்தார்கள். 1994-இல் வெளியான முடிவு: 3 வருஷம் கழித்து பலூன் செய்தவர்களின் வால்வு 2.4 சதுர செ.மீ., ஆபரேஷன் செய்தவர்களுக்கு 1.8. நெஞ்சில் தழும்பும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது, இயந்திரத்தில் ஏற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். பலூன் செய்த வால்வு பல வருஷம் கழித்து மறுபடி ஒட்டலாம், அது நிஜம். அப்போதும் பலருக்கு இன்னொரு முறை பலூனோ, ஆபரேஷனோ மிச்சமிருக்கும்.

ஆகவே மார்க் 8-க்குள் இருந்தால் என் ஓட்டு பலூனுக்கு, நுரையீரல் பிரஷர் 80 இருந்தாலும்கூட. மார்க் 11, 12 என்று வந்து, சுண்ணாம்பும் படிந்து, டாக்டர் ஆபரேஷன்தான் என்று சொன்னால், கத்திக்குப் பயந்து பலூனே போடுங்கள் என்று வற்புறுத்தாதீர்கள்.

இப்போது நிறையப் பேர் கேட்கிற மைட்ராக்ளிப் இந்தப் போட்டியிலேயே இல்லை. அது கசியும் வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப், சுருங்கிய வால்வில் போட்டால் இன்னும் சுருங்கும்.

பலூனோ ஆபரேஷனோ, எது முடிந்தாலும், ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமல் இருக்க 21 நாளுக்கு ஒரு முறை போடும் பெனிசிலின் ஊசியை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. வால்வு இவ்வளவு கெட்டவர்களுக்குக் குறைந்தது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. அட்டையில் அடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.