பழைய புத்தகக் கடையில் இரண்டு டார்வின்

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த ஷட்டர். பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டர் பாதிதான் தூக்கியிருக்கும், குனிந்துதான் நுழையணும். மூட்டுவலிக்காரர்கள் ஸ்டூல் கேட்டால் கடைக்காரர் தருவார். ஃபேன் சுற்றுவது அவர் தலைக்கு மட்டும். பில் கிடையாது, ஜிபே உண்டு. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை கையில்.

அடுக்கி வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பரிணாமமே பொய் என்று சாதிக்கும் சபை வெளியீடு 'அறிவியல்' தட்டில். கடவுளே கிடையாது என்கிற குட்டிப் புத்தகம் 'ஆன்மிகம்' தட்டில், ஜெபமாலை விளக்கத்தோடு ஒட்டிக்கொண்டு. கேட்டால், "ரெண்டும் உலகம் எப்படி வந்துச்சுன்னுதானே டீச்சரம்மா சொல்லுது" என்கிறார். நான் பசுமலை உபதேசியார் மகள். 26 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்தவள். சட்டென்று பதில் வரவில்லை.

அந்தக் கடையில்தான் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' இரண்டு பிரதி இருந்தது. இரண்டும் ஆங்கில மறுபதிப்பு, இரண்டும் 80 ரூபாய். ஒன்று 1859 முதல் பதிப்பின் பாடம், மற்றது 1872 ஆறாம் பதிப்பினுடையது. கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தேன். உயிர் ஆதியில் சில உருவங்களுக்குள்ளோ ஒன்றுக்குள்ளோ ஊதப்பட்டது என்று முதலாவதில் இருக்கிறது. ஊதியது யார் என்று இல்லை. மற்றதில் 'சிருஷ்டிகர்த்தாவால்' என்று சேர்ந்திருக்கிறது. 1860-இல் இரண்டாம் பதிப்பிலேயே நுழைத்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், ஊருக்குப் பணிந்து வேதாகமச் சொல்லைப் போட்டுவிட்டேனே என்று வருந்துகிறார். ஆனாலும் 1872 பதிப்பிலும் எடுக்கவில்லை. மனுஷன்தானே.

என் மகன் முதல் பிரதிக் கட்சி. இயற்கைக்கு வெளியே ஒன்றுமே இல்லை, இருப்பதெல்லாம் அணுவும் விதியும்தான் என்பான். அப்பா இருந்திருந்தால் இரண்டாவதை எடுத்துப் பிரசங்கத்துக்குக் கொண்டு போயிருப்பார். எனக்கு இரண்டு பேரிடமும் வழக்கு இருக்கிறது. சோதனைச் சாலையில் கடவுளைத் தேடாமல் காரணம் தேடுவது வேலை முறை. அப்படித்தான் நானும் சொல்லிக் கொடுத்தேன். வெளியே ஒன்றும் இல்லவே இல்லை என்பதோ எந்தச் சோதனைக் குழாயிலும் வந்த முடிவு அல்ல. அதுவும் ஒரு நம்பிக்கைதான். டார்வினுக்காக அமெரிக்காவில் வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே தவறாமல் கோயிலுக்குப் போன கிறிஸ்தவர்.

அப்பாவிடம் கேட்க வேண்டியது இதைவிடக் கஷ்டம். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் போன மாதம் ஒரு புழு. முதுகில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா முட்டை என்றார். முட்டை இல்லை, கூடு. குட்டிக் குளவி ஒன்று புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டுவிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வந்து கூடு கட்டிக்கொள்ளும். அதுவரை புழு உயிரோடுதான் இருக்கும். தொட்டேன், தலையை அசைத்தது. இந்த வகைக் குளவியைச் சொல்லித்தான் டார்வின் 1860-இல் அதே கிரேவுக்கு எழுதினார்: அன்புள்ள கடவுள் இதை வேண்டுமென்றே படைத்தார் என்று என் மனசை ஒப்ப வைக்க முடியவில்லை என்று. 'ஆதாமின் பாவத்தால் சிருஷ்டியே கெட்டது' என்று அப்பா சொல்லியிருப்பார். ஆதாமுக்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பே குளவி இருந்ததே அப்பா?

மகனிடம் கேட்டேன், அந்தப் புழுவைப் பார்த்து எனக்கு ஏன் பாவமாக இருக்கிறது என்று. கூட்டமாக வாழப் பயன்பட்டதால் இரக்கம் நிலைத்தது என்றான். சரி, வந்த வழி புரிகிறது. அதற்கு நான் ஏன் கட்டுப்படணும் என்று கேட்டதும் போனை அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

அன்றைக்கு 1859-ஐ மட்டும் வாங்கினேன். வீட்டில் உதறினால் ராமபாணப் பூச்சி இரண்டு ஓடியது. வாங்குகிறவர்கள் வெயிலில் காய வைத்துவிட்டு அலமாரியில் வையுங்கள். வித்தியாசத்தைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்ததுதான் என் தப்பு. அடுத்த வாரம் மற்றதை வாங்கப் போனால் அட்டைக்குள் பென்சிலில் 'கர்த்தா உள்ளது' என்று எழுதி, 80-ஐ அடித்து 100 ஆக்கி வைத்திருந்தார். பேசிப் பேசி 90-க்கு வாங்கினேன்.