டான்ட்ரமா, பேக்ரோலா: முதல் குட்டிக்கரணத்துக்கு எது?

படகில் கட்டிய கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பிணைத்த பலகையில் நீர்மேல் சறுக்குவது வேக்போர்டு. அதில் படகின் அலையை ஒரு முகட்டிலிருந்து மறு முகட்டுக்குத் தாவிக் கடக்கப் பழகியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: குட்டிக்கரணத்தை எதில் தொடங்கலாம்? பதிலாக இரண்டு பெயர்கள் வரும். ஒன்று டான்ட்ரம், மற்றது பேக்ரோல். இரண்டுக்கும் குதிகால் விளிம்பில், அதாவது பலகையில் குதிகால் பக்கமுள்ள ஓரத்தில், சாய்ந்துதான் அலைக்கு வருகிறோம். இரண்டிலும் உடல் பின்பக்கமாகவே கவிழ்கிறது. படகில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். கைப்பிடியைப் பிடித்திருப்பவருக்கு அப்படி இல்லை.

டான்ட்ரமில் பலகையின் மூக்கு (முன்முனை) மேலெழுந்து வாலுக்கு (பின்முனைக்கு) மேலாகச் சுழன்று வருகிறது. பேக்ரோலில் ஒரு விளிம்பு மேலெழுந்து மறு விளிம்புக்கு மேலாகப் புரள்கிறது. சுழலும் அச்சே வேறு. அதனால் சுழற்சிக்கான விசை வரும் இடமும், தவறு பிறக்கும் இடமும் வேறாகின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் கைவருவது டான்ட்ரம். ஆனால் பத்து முறை போட்டால் எட்டு முறையாவது நின்று இறங்க வேண்டும் என்று விரும்புகிறவர் பேக்ரோலை ஒதுக்கக் கூடாது. நான் டான்ட்ரமில் தொடங்கியவன். முதல் பருவத்திலேயே ஒருமுறை நின்று இறங்கினேன். அன்று அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த பருவம் முழுவதும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்ட முடியவில்லை. அந்தக் கணக்கை மாற்றியது கூடுதல் டான்ட்ரம் பயிற்சி அல்ல, பேக்ரோல்தான்.

அலைக்கு வரும் வழி

டான்ட்ரம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குழந்தை பிடிக்கும் அடம் என்று பொருள். குழந்தை அடம்பிடித்துத் தலையையும் தோளையும் பின்னுக்குத் தள்ளி விழுமே, ஏறக்குறைய அந்த அசைவுதான் இங்கேயும். அலையின் அடிவாரத்தை அடையும்போது குதிகால் விளிம்பை மெல்ல விட்டுப் பலகையைத் தட்டையாக்குகிறோம். கால்களை நிமிர்த்தி அலைக்கு எதிராக உறுதியாக நிற்கிறோம். வேகமாக வந்த பலகையை அலை தட்டி மேலே எழுப்பும். பலகை உச்சியை விட்டுக் கிளம்பும் கணத்தில், கடந்து வந்த அலையின் பக்கமாகத் தலையையும் தோள்களையும் பின்னுக்கு எறிய வேண்டும். அலை பாதி வேலையைச் செய்கிறது, எறிதல் மீதியைச் செய்கிறது.

இதில் உள்ள வசதி, அதிக வேகம் தேவையில்லை என்பதுதான். அலைக்கு வெளியே சில அடி தூரம் மட்டும் விலகிச் சென்று, அங்கிருந்து திரும்பி வந்தாலே சுழற்சி முழுமையாகிவிடும். மறு அலைவரை தாவவேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள தட்டையான நீரில் இறங்கிப் பழகலாம். பின்னோக்கிக் கவிழத் துணிவுள்ளவர் ஒரே நாளில் நின்று இறங்கிவிடுவதுண்டு. இதில் இருக்கும் சிக்கலும் அந்த எறிதல்தான். அது ஒரு கண நேரத்து முடிவு. உச்சியை அடைவதற்கு அரை அடி முன்பே எறிந்துவிட்டால் அலையின் உந்துதல் வீணாகிவிடும். தாழ்வாக எழும்பி, பாதிச் சுழற்சியில் தோளிலோ கழுத்திலோ விழ நேரும். களைத்திருக்கும்போதும் பயந்திருக்கும்போதும் அந்தக் கணம் நழுவுகிறது. எறிதலை நம்பியிருக்கிறவருக்கு நாளுக்கு நாள் கணக்கு மாறுவது இதனால்தான்.

பேக்ரோலில் எறிதலே கிடையாது. நான் மதிப்பது அதைத்தான். சற்று அகலமாக வெளியே சென்று, மெதுவாகத் திரும்பி, ஒவ்வொரு அடிக்கும் விளிம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டே வரவேண்டும். அலையின் அடிவாரத்தில் டான்ட்ரமில் செய்வதுபோல் விளிம்பைத் தளர்த்தக் கூடாது. உச்சியைக் கடந்து காற்றில் ஏறும்வரை அதே சாய்வு நீடிக்க வேண்டும். கயிறு ஒரு பக்கம் இழுக்க, பலகை மறுபக்கம் ஓட, இடையில் இறுகிய விசை அலையை விட்டு நீங்கியதும் உடலைத் தானாகவே புரட்டிவிடுகிறது. நாம் செய்வதெல்லாம் அதற்கு இடங்கொடுப்பது மட்டுமே. வந்த வழி சரியாக இருந்தால் சுழற்சியும் சரியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யக்கூடியது வரும் வழிதான், தலைகீழாகத் தொங்கும் அரை விநாடி அல்ல.

தொடக்கத்தில் இது கடினம். விளிம்பை விடாமல் அலைமேல் ஏறுவது உடலின் இயல்புக்கு மாறானது. அலை நெருங்க நெருங்க முழங்கால்கள் தாமாகவே தளரும், பலகை தாமாகவே தட்டையாகும். பேக்ரோல் வரவில்லை என்று சொல்பவர்களில் மிகப் பலர் கடைசி ஆறு அடியில் விளிம்பை விட்டவர்கள். அப்போது பலகை மேலே எழும்புமே தவிர, புரளாது. முதுகும் விலாவும் நீரில் அறைபடும்.

கைப்பிடி எங்கே இருக்கிறது?

இரண்டு கரணங்களும் ஒன்றுசேரும் இடம் இது. என் டான்ட்ரம் ஏன் கெடுகிறது என்று நான் தெரிந்துகொண்டதும் இங்கேதான். நண்பர் ஒருவர் படகிலிருந்து எடுத்த காணொளியை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தோம். நின்று இறங்கிய முயற்சிகளில் கைப்பிடி முன்னிடுப்பு எலும்பை ஒட்டி, முழங்கை வயிற்றோடு அணைந்து இருந்தது. விழுந்தவற்றில் கைகள் நெஞ்சுயரத்தில் நீண்டிருந்தன. இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. ஆனால் அந்த இடைவெளியில்தான் கயிறு தோளைப் பிடித்து முன்னுக்கு இழுக்கிறது. சுழற்சி பாதியில் கோணி, பலகை பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது.

டான்ட்ரமில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். வலுவாக எறிந்தால், கை நீண்டிருந்தாலும் சில முறை இறங்கிவிடலாம். அதனால் தவறு பழக்கமாக இறுகிவிடுகிறது. பேக்ரோலில் கை நீண்டால் விளிம்பின் இறுக்கம் உடனே குலையும், புரளல் நின்றுபோகும். மன்னிக்காத ஆசிரியர் அது. பேக்ரோலுக்காகக் கையை இடுப்போடு வைத்துப் பழகிய பிறகு டான்ட்ரமுக்குத் திரும்பினேன். எறிதலில் பாதி வலு போதும் என்று தெரிந்தது. பாதி வலுவில் எறிந்தால் உச்சிவரை பொறுத்திருக்கவும் நேரம் கிடைக்கிறது.

இறங்குதலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டான்ட்ரமில் உடல் சுற்றி வரும்போது நீர் கண்ணில் படும், அதைப் பார்த்துக் கால்களை நீட்டலாம். பேக்ரோலில் பார்வை கொஞ்ச நேரம் தொலைந்துபோகும். படகு மீண்டும் கண்ணில் பட்டதும் முழங்காலை மடித்துக் குதிகால் பக்கம் எடையை வையுங்கள். விரல் விளிம்பு முதலில் நீரைத் தொட்டால் முகம் குப்புற அடிபடும்.

எங்கே பழகுவது?

படகு, கேபிள் (படகுக்குப் பதிலாக மேலே ஓடும் கம்பி இழுப்பது), டிராம்போலின் (துள்ளிக் குதிக்கும் வலை) மூன்றும் இந்த இரண்டு கரணங்களுக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை.

டிராம்போலின் டான்ட்ரமுக்கு நல்லது. தலைகீழாகும்போது வானம் எங்கே, தரை எங்கே என்ற உணர்வை ஆபத்தில்லாமல் தருகிறது. கைப்பிடி ஒன்றைக் கம்பத்தில் இடுப்புயரத்தில் கட்டி, பிடித்துக்கொண்டே கவிழ்ந்து பழகினால் கையும் பழகும். ஆனால் அங்கே விளிம்பு இல்லை, பேக்ரோலுக்கு அது எதையும் கற்றுத்தராது.

கேபிள் பூங்காவில் நிலைமை தலைகீழ். படகு இல்லாததால் அலையும் இல்லை. கம்பி பல மீட்டர் உயரத்தில் ஓடுவதால் இழுப்பு மேலிருந்து வருகிறது. தட்டையான நீரில் விளிம்பை இறுக்கி விடுவித்தாலே மேலே தூக்கிவிடும். பேக்ரோலை அங்கே விளிம்பைக் கொண்டு மட்டுமே செய்ய முடியும், அதனால் ஏமாற்ற வழியில்லை. இரண்டு கோபுரங்களுக்கிடையே முன்னும் பின்னும் ஓடும் சிறிய கேபிளாக இருந்தால், விழுந்த சில நொடிகளில் அடுத்த முயற்சி. படகில் விழுந்தால் அது வளைந்து திரும்பி வந்து கயிற்றைத் தரும்வரை காத்திருக்க வேண்டும். டான்ட்ரமைக் கேபிளில் பெரும்பாலும் சாய்தளத்திலிருந்துதான் போடுகிறார்கள். சாய்தளம் அலையைப்போல் மாறாது என்பது நன்மை, இடித்தால் நீரைப்போல் வழிவிடாது என்பது ஆபத்து.

படகில் பழகுகிறவர்கள் அலையைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பது என் குறை. கயிறு 60 முதல் 65 அடி, வேகம் மணிக்கு 30 முதல் 32 கிலோமீட்டர் என்று தொடங்கலாம். கயிறு நீளாத வகையாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒருநாள் வைத்த அளவை மறுநாளும் வைப்பது. பயிற்சிக்கு நடுவே படகில் ஒருவர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறி உட்கார்ந்தாலே ஒரு பக்கத்து அலை கூர்மையாகவும் மறுபக்கத்து அலை நுரைத்துச் சிதறியும் போகும். அதன்பின் நான்கு முறை விழுந்துவிட்டு, தன் உத்தியில்தான் கோளாறு என்று மாற்றத் தொடங்கினால், இருந்ததும் கெடும். நான் அப்படி ஒரு மாலையை முழுதாக இழந்திருக்கிறேன்.

கரணம் தப்பினால் மரணம் என்ற பழமொழியை இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. தலை நீரில் அடிபட்டுக் கண் மங்கினால், குமட்டினால், அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. ஹெல்மெட்டும் மிதவை உடுப்பும் இல்லாமல் இரண்டில் எதையும் தொடங்காதீர்கள். நீரின் ஆழத்தையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது?

வெறும் தாவலில் நிமிர்ந்து நின்று உயரமாக எழும்பப் பழகியவர், டிராம்போலினில் ஏற்கெனவே பின்பல்டி அடிப்பவர், டான்ட்ரமில் தொடங்கட்டும். விளிம்பில் சாய்ந்து வருவது பிடித்தவர், பின்னுக்கு எறிய மனம் துணியாதவர், கேபிளில்தான் பழக வாய்ப்புள்ளவர், பேக்ரோலுக்குப் போகலாம். டான்ட்ரம் இறங்குகிறது, ஆனால் நம்ப முடியவில்லை என்பவருக்கு நான் உறுதியாகச் சொல்வது: இரண்டு வாரம் டான்ட்ரமைத் தொடாதீர்கள், பேக்ரோலை மட்டும் போடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் அது ஒருமுறைகூட இறங்காமல் போனாலும் பரவாயில்லை. விளிம்பும் கையும் திருந்தும்.

கணக்கு வைக்க ஒரு முறை: பத்துப் பத்தாக எண்ணுங்கள், இறங்கியதை மட்டும் குறிக்காமல் விழுந்த விதத்தையும் குறியுங்கள். தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது, பக்கவாட்டில் திரும்பியது. ஒரே விதமாக விழுகிறவருக்கு ஒரே ஒரு தவறுதான் இருக்கும், அதைத் திருத்துவது எளிது. விதவிதமாக விழுகிறவர் அலைக்கு வரும் வழியை முதலில் சரிசெய்ய வேண்டும். முன்கை சோர்ந்து பிடி தளரத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு பதியும் பழக்கம் எதுவும் வேண்டாதது.

இப்போதும் தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு முறையும் முதல் மூன்றையும் கரணமில்லாத வெறும் தாவலாகவே போடுகிறேன். மூன்றாவதில் முழங்கை வயிற்றை ஒட்டியிருந்தால் நான்காவதில் கவிழ்கிறேன். இல்லையென்றால் நான்காவதும் தாவல்தான்.