பவளத் தொட்டிக்கு ஆப்பச் சோடா: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் உள்ள பவளத் தொட்டியில், கற்கள் அடைக்கும் இடத்தைக் கழித்தால், 150 லிட்டர் உப்புநீர் இருக்கிறது. அந்நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறனை, சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் மீன் கடையில் ‘பஃபர்’ தூள் வாங்கிவந்தேன். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் சோடியம் பைகார்பனேட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த நாள்முதல், மளிகைக் கடை ஆப்பச் சோடாவுக்கு மாறிவிட்டேன்.

இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மை ஏறத்தாழ 7 டிகேஎச் (dKH, காரத்தன்மையை அளக்கும் அலகு). பவளங்கள் கால்சியம் கார்பனேட்டால் தம் கூட்டைக் கட்டிக்கொண்டே இருப்பதால் தொட்டியில் இந்த அளவு நாள்தோறும் இறங்கும். நான் 8.3-ஐ ஒட்டி வைத்திருக்கிறேன். எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட, அது ஏறி இறங்காமல் நிற்பதே அக்ரோபோரா போன்ற பவளங்களுக்கு முக்கியம்.

சோடாவின் பெரிய நன்மை, அதன் கணக்கு தெளிவானது என்பதே. 100 லிட்டர் நீரை 1 டிகேஎச் உயர்த்த 3 கிராம் போதும். சென்ற மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது 6.8 காட்டியது, 1.5 உயர்த்த 6.75 கிராம் தேவைப்பட்டது. ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் உயர்த்துவதில்லை என்பதால் அதை இரண்டாகப் பிரித்து, ஆர்ஓ நீரில் கரைத்து, பம்பின் நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் சிறிது சிறிதாக ஊற்றினேன். மூன்றாம் நாள், மாதிரி நீரில் சோதனைக் கரைசலைத் துளித்துளியாக விட்டுப் பார்த்தபோது, நீலப்பச்சை நிறம் இளஞ்சிவப்பாக மாறிய துளியில், 8.2 கிடைத்தது. தேக்கரண்டியை நம்பாமல் சிறிய மின்தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

அப்படியே போட்டால் சோடா பிஎச் அளவை உயர்த்தாது. சற்றே தாழ்த்தவும் செய்யும். குளிரூட்டிக்காக மூடியே கிடக்கும் எங்கள் வீட்டில் கரியமில வாயு தேங்கி, பிஎச் ஏற்கெனவே 7.9-இல் நிற்பதால், சோடாவை அடுப்பறை அவனில் 150 பாகையில் ஒரு மணி நேரம் வறுத்துக்கொள்கிறேன். அது சோடியம் கார்பனேட்டாக மாறி, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். ஆகவே 3 கிராமுக்குப் பதில் 1.9 கிராம் போதும். சரியாக வறுபட்ட தூளை நீரில் கொட்டினால் பாத்திரம் கையில் இளஞ்சூடாகத் தெரியும். வறுபடாதது அப்படிச் சுடாது. விளக்கு எரியுமுன், பிஎச் மிகத் தாழ்ந்திருக்கும் விடியற்காலையில் இதை ஊற்றுகிறேன்.

குறைகளும் உண்டு. சோடா கால்சியத்தைத் தராது, 2.8 டிகேஎச் செலவாகும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் கால்சியமும் செலவாவதால், கால்சியம் குளோரைடைத் தனியே சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் பொறுமையில்லாமல் இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றிவிட்டேன். நீர் பால்போல் வெளுத்து, ஹீட்டர்மேல் சுண்ணாம்பு படிந்து, சேர்த்ததெல்லாம் வீணானது. பெயர் ஒற்றுமையில் ஏமாந்து, அமில உப்பும் மாவும் கலந்த பேக்கிங் பவுடரை எடுத்துவிடவும் கூடாது. வறுத்த தூளோ இவ்வூர் ஈரக்காற்றை இழுத்துக் கனத்துவிடும். மறு வாரம் எடை போட்டால் கணக்கு தப்பும். அதனால் ஆறியதும் மொத்தத்தையும் எடைபோட்டுக் கரைத்து, புட்டியில் தேதி எழுதி ஒட்டிவிடுகிறேன்.